ஆட்டிசத்துடன் பார்வைக் குறையோ செவிக்குறையோ உள்ள மாணவர்களுக்கு வகுப்பறை முறைகளை எப்படி மாற்றியமைப்பது?

உங்கள் கேள்வியை இப்படிப் புரிந்துகொண்டேன். உங்கள் வகுப்பில் ஆட்டிசம் உள்ள மாணவர்கள் இருவர் இருக்கிறார்கள். அவர்களில் சிறுமிக்கு வெளிச்சமும் பெரிய உருவங்களும் தெரியும் அளவுக்கே பார்வை இருக்கிறது. சிறுவன் இரண்டு காதுகளிலும் செவித்துணைக் கருவி அணிகிறான். பயிற்சியில் சொல்லித்தந்தபடி, நாளின் செயல்களை வரிசையாகப் படங்களில் காட்டும் பட அட்டவணை வைத்தீர்கள், சுருக்கமாகப் பேசினீர்கள், அமைதியான மூலை ஒன்றையும் ஏற்படுத்தினீர்கள். இருந்தும் சிறுமி பட அட்டையைக் கடித்துப் போடுகிறாள், சிறுவன் கருவியைக் கழற்றி எறிகிறான். எதை மாற்றுவது என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் கற்றுக்கொண்ட முறைகள் தவறானவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று உருவான முறைகளில் பெரும்பாலானவை கண்ணை நம்பியவை. பார்வையற்ற குழந்தைகளுக்கான முறைகள் பேச்சையும் தொடுகையையும் நம்பியவை. காது கேளாத குழந்தைகளுக்கானவையோ, குழந்தை ஆசிரியரின் முகத்தைப் பார்க்கும் என்பதை அடிப்படையாகக் கொண்டவை. ஒரே குழந்தையிடம் இரண்டு நிலைகள் சேரும்போது, ஒன்றுக்கான வழி மற்றொன்றின் சுவரில் போய் முட்டுகிறது. ஆகவே ஒரு முறையைக் கையில் எடுக்கும்போது அது குழந்தைக்கு எதைத் தருவதற்காக ஏற்பட்டது என்று கேட்டு, அந்த நோக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அது போய்ச் சேரும் புலனை மட்டும் மாற்ற வேண்டும். இந்தப் பதிலில் நான் எழுதுவதெல்லாம் இந்த ஒன்றின் விரிவுதான்.

'புலன் குறைபாடு' என்ற சொல்லால் நாம் இரண்டு வேறு விஷயங்களைக் குறிப்பிடுகிறோம் என்பதையும் தொடக்கத்திலேயே பிரித்துக்கொள்வது நல்லது. ஒன்று, கண்ணிலோ காதிலோ நரம்பிலோ மூளையின் பார்வைப் பகுதியிலோ உள்ள பாதிப்பால் செய்தி குறைவாக வந்து சேர்வது. மற்றொன்று, வந்து சேர்ந்த செய்தியை மூளை மிகையாகவோ மந்தமாகவோ எடுத்துக்கொள்வது. இரண்டாவது வகை ஆட்டிசத்தின் இயல்பிலேயே அடங்கியது. 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட ஐந்தாம் பதிப்பு நோயறிதல் கையேடு, புலன்சார்ந்த மிகை எதிர்வினையையும் குறை எதிர்வினையையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இந்த இரண்டும் ஒன்றையொன்று ரத்து செய்வதில்லை. காது மந்தமான குழந்தைக்கு நாற்காலி இழுபடும் ஓசை தாங்க முடியாத வேதனையாக இருக்கலாம். பார்வை குறைந்த குழந்தைக்கு ஜன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தலாம். "இவனுக்குத்தான் காது கேட்காதே, சத்தம் எப்படித் தொந்தரவு செய்யும்?" என்று பெரியவர்கள் கேட்பதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியால் குழந்தையின் வலி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

இரண்டு நிலைகளும் சேர்ந்திருப்பது வியப்புக்குரியதும் அல்ல. கர்ப்பகால ரூபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தொற்றால் பாதிக்கப்பட்டுப் பிறந்த 243 குழந்தைகளை ஆராய்ந்த குழந்தை மனநல மருத்துவர் ஸ்டெல்லா செஸ், அவர்களில் 18 பேரிடம் முழுமையாகவோ பகுதியாகவோ ஆட்டிசம் இருப்பதை 1971-ல் பதிவு செய்தார். அந்தத் தொற்று செவியையும் கண்ணையும் சேர்த்தே பாதிப்பது. அதே சமயம், ஒன்றை மற்றொன்றாகத் தவறாக எடுத்துக்கொள்ளும் ஆபத்தும் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் விவரித்த, ஆட்டிசம் உள்ள 11 குழந்தைகளில் ஒருவன், பேசாததாலும் கேள்விக்குப் பதில் தராததாலும் காது கேளாதவன் என்ற சந்தேகத்தோடுதான் அவரிடம் அழைத்துவரப்பட்டான். மறுபக்கம், முன்னும் பின்னும் ஆடுவது, கண்ணை விரலால் அழுத்துவது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது, 'நான்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்வது ஆகியவை ஆட்டிசம் இல்லாத பார்வையற்ற குழந்தைகளிடமும் காணப்படுபவை. மூளைசார் பார்வைக் குறைபாடுள்ள, அதாவது கண் அனுப்பும் காட்சியை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாத, குழந்தை முகங்களைப் பார்க்காமல் விலகுவதற்கு, முகம் என்பது அசைந்துகொண்டே இருக்கும் சிக்கலான காட்சி என்பதே காரணமாக இருக்கலாம்.

இது எந்தக் குறைபாடு என்று பெயர் சூட்டுவது ஆசிரியரின் வேலை அல்ல. ஆனால் ஆட்டிசம் என்ற முடிவு கையில் இருக்கிறது என்பதற்காகக் கண் பரிசோதனையையும் செவிப் பரிசோதனையையும் தள்ளிப்போட அனுமதிக்காதீர்கள். "ஒத்துழைக்கவில்லை" என்று பாதியில் நின்ற பரிசோதனை, பரிசோதனை செய்ததாகக் கணக்கில் வராது. குழந்தையின் ஒத்துழைப்பு தேவைப்படாத செவிப் பரிசோதனைகள், குழந்தை தூங்கும்போது செய்யக்கூடியவை உட்பட, இருக்கின்றன. பெற்றோரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

இனிச் சிறுமியிடம் வருவோம். பட அட்டவணை எதற்காக ஏற்பட்டது? எரிக் ஷாப்லர் வட கரோலினாவில் வளர்த்தெடுத்து, 1972-ல் மாநிலம் முழுவதற்குமான திட்டமாக அமைந்த டீச் (TEACCH) என்ற ஆட்டிசக் கல்வி முறை, ஆட்டிசம் உள்ள பலர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் காண்பதை உறுதியாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்ற கவனிப்பின் மேல் எழுந்தது. பேச்சு சொன்னவுடன் காற்றில் கரைந்துவிடுகிறது; படம் அங்கேயே நிற்கிறது. அடுத்து என்ன, இது எப்போது முடியும், முடிந்தபின் எங்கே போக வேண்டும் என்ற மூன்று கேள்விகளுக்கும் குழந்தை தானே போய்ப் பார்த்துப் பதில் தெரிந்துகொள்ளலாம். ஆக, அட்டவணையின் உயிர் அதன் நிலைத்தன்மையில் இருக்கிறது; படம் அதற்கு ஒரு வாகனம் மட்டுமே.

அந்த நிலைத்தன்மையைக் கைக்குக் கொடுக்க வழி உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த யான் ஃபான் டைக், ரூபெல்லாவால் பார்வையும் செவியும் பாதிக்கப்பட்ட குழந்தைகளோடு பணியாற்றியபோது வளர்த்த பொருள் அட்டவணை முறை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. இடமிருந்து வலமாக ஒரு வரிசைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு செயலைக் குறிக்கும் ஒரு பொருள். வரிசையின் முடிவில், முடிந்தவற்றைப் போட ஆழமான ஒரு பெட்டி. குழந்தை பொருளை எடுத்து, அதைக் கையோடு கொண்டுபோய்ச் செயலைச் செய்து, திரும்பி வந்து முடிவுப் பெட்டியில் போடுகிறது. அது உள்ளே விழும் ஓசையும், கை வெறுமையாவதும் 'முடிந்தது' என்பதன் பொருளைத் தருகின்றன.

இங்கே பெரும்பாலோர் செய்யும் ஒரு பிழையை விரிவாகச் சொல்ல வேண்டும். பேருந்துப் பயணத்தைக் குறிக்கப் பொம்மைப் பேருந்தையும், குளியலைக் குறிக்கப் பிளாஸ்டிக் வாத்தையும் வைப்பார்கள். கண் உள்ளவருக்குப் பொம்மைப் பேருந்து பேருந்தைப் போலத் தெரிகிறது; தொட்டே உலகை அறியும் குழந்தைக்கு அது வழவழப்பான, கூர்முனைகள் கொண்ட ஒரு சிறிய கட்டி, அவ்வளவுதான். பேருந்தில் அவள் கை உண்மையில் தொடுவது என்ன? இருக்கையின் உறைத்துணி, பிடித்துக்கொள்ளும் கம்பி, இடைவார். அந்த வாரின் ஒரு துண்டை வைத்தால் அது பயணத்தைக் குறிக்கும். ஊஞ்சலுக்கு ஊஞ்சல் கயிற்றின் ஒரு முழம், உணவுக்கு அவள் உண்ணும் அதே கரண்டி, நீர் விளையாட்டுக்கு அதே துவாலையின் ஒரு துண்டு. பொருள்களை வீட்டாரோடு உட்கார்ந்து தேர்ந்தெடுங்கள். ஒருமுறை தேர்ந்தபின் மாற்றாதீர்கள்.

நான் பணியாற்றிய வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். முதல் இரண்டு வாரம் பெட்டியில் இருந்ததையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் எறிவாள். மூன்றாம் வாரத்தில் ஒருநாள், வரிசையில் கயிற்றுத் துண்டு இல்லாததைக் கண்டு, முதல் பெட்டியிலிருந்து கடைசிப் பெட்டிவரை விரல்களை இரண்டு முறை ஓட்டினாள். பிறகு முடிவுப் பெட்டிக்குள் தோள்வரை கையை விட்டு, முந்தைய நாள் கயிற்றைத் துழாவி எடுத்து, என் மடியில் கொண்டுவந்து வைத்தாள். ஊஞ்சல் வேண்டும் என்று அவள் எங்களிடம் சொன்னது அதுவே முதல்முறை. ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்டும் 1985-ல் உருவாக்கிய படப் பரிமாற்ற முறையின் கருவும் இதுதான்: தன் விருப்பத்தைக் குறிக்கும் ஒன்றைக் குழந்தை தானாக எடுத்து இன்னொருவர் கையில் கொடுப்பது. அது காகிதத்தில் அச்சிட்ட படமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் மாணவி அட்டையைக் கடிப்பதைக்கூட நான் அடங்காமையாக எடுத்துக்கொள்ள மாட்டேன், 'இது என்ன?' என்று அவள் தனக்குத் தெரிந்த வழியில் ஆராய்கிறாள்.

முழுப்பொருளிலிருந்து, அட்டையில் ஒட்டிய பொருளின் துண்டுக்கும், அதிலிருந்து தொட்டறியும் குறியீட்டுக்கும், இயலுமானால் பிரெயிலுக்கும் படிப்படியாக நகரலாம். விரல்நுனி மிகைத் தொடுவுணர்வு கொண்ட குழந்தைக்குப் பிரெயில் புள்ளிகள் முள்ளாகக் குத்தலாம். அத்தகையவர்களை நேராகப் புள்ளித் தாளில் தொடங்காமல், பிரெயில் எழுத்தின் ஆறு புள்ளி இடங்களைப் போலப் பெரிய முட்டை அட்டைக் குழிகளில் ஆறு உருண்டைகளை வைத்து எடுக்கும் விளையாட்டிலும், விசைகளை அழுத்தி எழுதும் பெர்கின்ஸ் பிரெயில் இயந்திரத்திலும் தொடங்குவது உதவும். அழுத்திச் செய்யும் வேலை பல குழந்தைகளுக்கு இதமானது. மெல்லிய தொடுகைதான் எரிச்சலூட்டுவது.

உங்கள் மாணவிக்கு ஓரளவு பார்வை எஞ்சியிருப்பதால் படத்தை முற்றிலும் கைவிடவும் வேண்டாம். ஒரு அட்டைக்கு ஒரே படம், கறுப்பு அல்லது கருநீலப் பின்னணி, தடித்த எல்லைக்கோடு, பளபளப்பற்ற மேற்பரப்பு என்று மாற்றிப் பாருங்கள். லேமினேட் செய்த அட்டை நீடித்து உழைக்கும் என்பதால் எல்லோரும் அதையே பயன்படுத்துகிறோம். ஆனால் விளக்கொளி அதில் பட்டுத் தெறிக்கும்போது பார்வை குறைந்த குழந்தைக்குத் தெரிவது வெள்ளைத் தீற்றல் மட்டுமே. அவள் இருக்கையில் நீங்களே உட்கார்ந்து, அவள் கண் மட்டத்திலிருந்து அட்டையைப் பாருங்கள்.

தொடுகையைப் பற்றிச் சொல்லும்போது என் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். பணியின் தொடக்க ஆண்டுகளில், பார்வையற்ற குழந்தைக்கு எதைக் கற்பிக்கவும் அதன் கையைப் பிடித்து, என் கையால் இயக்கிக் காட்டுவேன். ஒரு சிறுவன் களிமண்ணைக் கண்டாலே கைகளை அக்குளுக்குள் மறைத்துக்கொள்ளத் தொடங்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. கை அவனுக்குக் கண் மாதிரி. அதைப் பிடித்து இழுத்து ஒட்டும் ஈரமுமான ஒன்றில் அழுத்தியது, அவன் தலையைப் பிடித்துக் கண்களைக் கட்டாயமாகத் திறந்ததற்குச் சமம். அன்றிலிருந்து என் கையை அவன் கைக்குக் கீழே வைக்கிறேன். என் கை களிமண்ணைத் தொடுகிறது, அவன் விரல்கள் என் கையின் மேல் தங்கி அதன் அசைவை உணர்கின்றன. வேண்டுமென்றால் விரலை நழுவவிட்டுக் களிமண்ணைத் தொடுவான். வேண்டாமென்றால் கையை எடுத்துக்கொள்வான். விலகும் உரிமை இருக்கிறது என்று உறுதியான பிறகு குழந்தைகள் வியப்பூட்டும் அளவுக்குத் துணிகிறார்கள். தொடுமுன் பெயரைச் சொல்வது, எப்போதும் தோளிலோ முழங்கைக்கு மேலோ ஒரே இடத்தில் சற்று உறுதியாகத் தொட்டு வருகையை அறிவிப்பது ஆகியவற்றை வகுப்பில் உள்ள எல்லாப் பெரியவர்களும் ஒரே மாதிரி செய்ய வேண்டும்.

பேச்சின் அளவில்தான் இரண்டு துறைகளும் நேருக்கு நேர் மோதுகின்றன. பார்வையற்ற குழந்தைக்கு நடப்பதையெல்லாம் விவரித்துக்கொண்டே இருங்கள் என்று ஒரு பயிற்சி சொல்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தையிடம் சொற்களைக் குறையுங்கள் என்று இன்னொன்று சொல்கிறது. என் அனுபவத்தில் இதற்குத் தீர்வு, பேச்சு வரும் இடங்களை நிலைப்படுத்துவது. செயலுக்கு முன் உங்கள் மாணவியின் பெயரும் செயலின் பெயரும், எப்போதும் அதே சொற்களில். செயல் நடக்கும்போது அமைதி. முடிந்தபின் 'முடிந்தது' என்ற ஒரு சொல். எதிர்பாராத ஓசையோ, யாரேனும் உள்ளே வருவதோ நேர்ந்தால் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மற்றவர்கள் தலையைத் திருப்பித் தெரிந்துகொள்வதை அவளால் தெரிந்துகொள்ள முடியாது. 'அங்கே', 'இது', 'அந்தப் பக்கம்' போன்ற சுட்டுச்சொற்கள் அவளுக்கு எதையும் சொல்வதில்லை. 'மேசையின் இடது மூலையில்' என்பது சொல்கிறது. கேட்டபின் மனதுக்குள் பத்துவரை எண்ணுங்கள். அதற்குள் அதே கேள்வியை வேறு சொற்களில் திருப்பிக் கேட்டால், அவள் பாதிவரை அவிழ்த்துவந்த முடிச்சை விட்டுவிட்டுப் புதிய முடிச்சை எடுக்க வேண்டியதாகிறது.

அவள் உங்கள் வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொன்னால் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். எதிரொலிப் பேச்சு பல வேளைகளில் கேட்டதைப் பிடித்துவைத்துக்கொள்ளும் முயற்சியாகவும், சில வேளைகளில் 'ஆம்' என்பதாகவும் இருக்கிறது. கேள்வியாகக் கேட்டால் அது கேள்வியாகவே திரும்பி வரும். அதனால் அவள் சொல்ல வேண்டிய வடிவத்திலேயே, 'எனக்குத் தண்ணீர் வேண்டும்' என்று முன்மாதிரி கொடுங்கள்.

சிறுவனின் நிலை வேறு. செவித்துணைக் கருவி கண்ணாடியைப் போலத் தெளிவைத் தருவதில்லை. அது அறையில் உள்ள எல்லாவற்றையும் பெரிதாக்குகிறது. இன்றைய கருவிகள் இரைச்சலைக் குறைக்க முயன்றாலும், மின்விசிறியின் இரைச்சல், பக்கத்து அறையின் சலசலப்பு, நாற்காலிக் கால்கள் கீச்சிடுவது ஆகியவையும் உங்கள் குரலோடு சேர்ந்தே உள்ளே வருகின்றன. வெட்டவெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி சுமார் 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறைகிறது. பேசுபவர் ஒரு மீட்டரிலிருந்து நான்கு மீட்டருக்கு நகர்ந்தால் 12 டெசிபல் போய்விடும். மூடிய அறையிலோ சுவர்களில் பட்டு எதிரொலிக்கும் ஓசை மிச்சத்தையும் குழப்பிவிடுகிறது. செவிக்குறையுள்ள குழந்தைக்கு ஆசிரியரின் குரல் பின்னணி இரைச்சலைவிட 15 டெசிபலாவது உயர்ந்திருக்க வேண்டும் என்பது பரவலான பரிந்துரை. 2002-ல் வந்த அமெரிக்க வகுப்பறை ஒலித் தரநிலை, சராசரி அளவுள்ள காலி வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலுக்கும், எதிரொலி அடங்கும் நேரம் 0.6 நொடிக்கும் மிகக் கூடாது என்கிறது. பெரும்பாலான வகுப்பறைகள் இதன் அருகில்கூட இல்லை.

ஆகையால் கருவியைக் கழற்றுவது குறும்பு என்று முடிவு செய்யுமுன், எந்த நேரத்தில், எந்த ஓசைக்குப் பின் கழற்றுகிறான் என்று ஒரு வாரம் எழுதி வையுங்கள். என் மாணவன் ஒருவன் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கழற்றி எறிந்தான். குறிப்பேட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மாடியில் இருந்த வகுப்பு அப்போது இடைவேளைக்காக எழுகிறது, முப்பது நாற்காலிகள் ஒரே சமயத்தில் எங்கள் தலைக்கு மேல் இழுபடுகின்றன. அந்த நாற்காலிக் கால்களுக்குத் தடித்த கம்பளித் துணி ஒட்டியதும் பாதிப் பிரச்சினை போய்விட்டது. மீதிப் பாதி செவியியலாளரிடம் தீர்ந்தது. நரம்புவழிச் செவிக்குறை உள்ள காதில் மெல்லிய ஓசை கேட்காமலும், சற்றே உயர்ந்த ஓசை திடீரென மிக உரத்ததாகவும் படலாம். கருவியின் உச்ச ஒலி அளவை அவர் இதற்கேற்பக் குறைத்தார். காதுக்குள் வைக்கும் அச்சு இறுக்கமாக இருப்பது, அதன் பொருள் தோலை உறுத்துவது, வியர்வையில் நமைப்பது என்று தொடுவுணர்வு சார்ந்த காரணங்களையும் கேட்டுப் பாருங்கள். அமைதியான அறையில் பிடித்த செயலோடு சில நிமிடங்கள் அணியத் தொடங்கி, நாளுக்கு நாள் நீட்டிப்பதே பாதுகாப்பான வழி. 'கழற்ற வேண்டும்' என்று சொல்வதற்கு ஒரு சைகையோ அட்டையோ கொடுத்துவிட்டால் எறியும் தேவை குறைகிறது.

ஆட்டிசத்துக்கு வழக்கமாகத் தரப்படும் ஓசை தடுக்கும் காதுமூடியை இவனுக்கு அப்படியே மாட்டிவிட முடியாது. கருவியின் மேல் மூடினால் அது விசிலடிக்கக்கூடும். கழற்றிவிட்டு மூடினால் பேச்சு அடியோடு போய்விடும். அதைவிட நீங்கள் சட்டையில் அணியும் ஒலிவாங்கியிலிருந்து நேராக அவன் கருவிக்குக் குரலை அனுப்பும் எஃப்எம் முறை பலன் தரும்; குரலுக்கும் இரைச்சலுக்கும் இடைவெளி கூடும், நீங்கள் உரக்கப் பேசவும் தேவையில்லை. வேறொருவரோடு பேசும்போது அந்த ஒலிவாங்கியை அணைக்க மறக்காதீர்கள். தன்னிடம் சொல்லப்படாத பேச்சு காதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பது எந்தக் குழந்தைக்கும் களைப்பைத் தரும்.

அவன் சைகைமொழியும் பயன்படுத்துவான் என்றால் இன்னொரு மோதல் காத்திருக்கிறது. சைகைமொழியில் கேள்வியும் மறுப்பும் அழுத்தமும் பெருமளவு முகத்தில் இருக்கின்றன. முகத்தைப் பார்ப்பதுதான் அவனுக்குக் கடினமானது. கன்னத்தைப் பிடித்து முகத்தைத் திருப்புவதை யாரும் செய்யக் கூடாது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும் பொருளுக்கு அருகே, அவன் பார்வைப் புலத்துக்குள் உங்கள் கைகளைக் கொண்டுபோய்ச் சைகை செய்யுங்கள். நேர் எதிரே நிற்பதைவிடப் பக்கவாட்டில் சற்றுத் தாழ்ந்து உட்கார்வது பலருக்கு எளிது. முகத்தில் வர வேண்டிய கேள்விக்குறிப்பைத் தனிச் சைகையாகவே சேர்த்துவிடலாம். காது கேளாத, ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் உள்ளங்கையைத் தலைகீழாகத் திருப்பிச் சைகை செய்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எதிரே நிற்பவரின் கை தன் கண்ணுக்கு எப்படித் தெரிகிறதோ அப்படியே அவர்கள் செய்கிறார்கள். பக்கத்தில், அதே திசையை நோக்கி உட்கார்ந்து செய்து காட்டினால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. பட அட்டவணை இவனுக்குப் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். படத்தோடு சைகையின் வரைபடத்தையும் சேர்த்துவிடுங்கள்.

இருவரும் ஒரே அறையில் இருப்பதால் தேவைகள் மோதும் என்று நீங்கள் கவலைப்படலாம், அது உண்மைதான். அவளுக்குப் படிக்க வெளிச்சம் கூடுதலாக வேண்டும், அவனுக்கு விளக்கு கண்ணைக் கூசச் செய்யலாம். அறை முழுவதையும் ஒரே அளவில் வைக்க முயலாமல், பொது வெளிச்சத்தைக் குறைத்து அவள் மேசையில் மட்டும் தனி விளக்கு வையுங்கள். பழைய வகைக் குழல் விளக்குகள், மின்வழங்கலைப் பொறுத்து, நொடிக்கு 100 அல்லது 120 முறை துடிக்கின்றன. நமக்குத் தெரியாத அந்தத் துடிப்பையும் ரீங்காரத்தையும் சில குழந்தைகள் உணர்கிறார்கள். முடிந்தால் மாற்றிவிடுங்கள். மேசை நாற்காலிகள் நகராமல் ஒரே இடத்தில் இருப்பது அவளுக்கு வழிகாட்டி, அவனுக்கு நிம்மதி. இந்த ஒன்றில் இருவரின் தேவையும் ஒத்துப்போகிறது.

அமைதி மூலையைத் தண்டனையோடு எக்காலத்திலும் இணைக்காதீர்கள். நிலைகுலைவதற்கு முன் அவர்களாகப் போகக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால், நல்ல நேரங்களிலும் அங்கே போய் இருக்கப் பழக்க வேண்டும். பார்வையற்ற குழந்தைக்கு வெறுமையான அமைதி மூலை அச்சத்தையே தரலாம், ஏனெனில் ஓசையும் தொடுபொருளும் இல்லாத இடம் அவளுக்கு இடமே இல்லாதது போன்றது. அவளுடைய மூலையில் கனமான போர்வை, பழகிய அமைப்புள்ள துணி, சுவரில் முதுகு சாயும் இடம் ஆகியவை இருக்கட்டும். ஆடுவதையும் கையசைப்பதையும் பிறருக்கோ தனக்கோ காயம் நேராதவரை தடுக்க வேண்டாம். அது பல வேளைகளில் அவர்கள் தங்களை நிலைநிறுத்திக்கொள்ளும் வழி. கண்ணை அழுத்துவது மட்டும் விதிவிலக்கு. அது கண்ணுக்கும் சுற்றியுள்ள எலும்புக்கும் கேடு செய்யக்கூடும் என்பதால், மருத்துவரிடம் காட்டுவதோடு, கைக்கு வேறு அழுத்தம் தரும் பொருளைக் கொடுத்துப் பாருங்கள்.

பாடத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் மேலே உள்ளவை நிலைபெற்றால் பாடம் தானாக வழி கண்டுகொள்ளும். பார்க்கவும் கேட்கவும் இவர்கள் செலவிடும் முயற்சியே பெரும் உழைப்பு. ஆகவே பத்துக் கணக்குக்குப் பதில் நான்கு கணக்கு கொடுத்தால் பாடத்தின் தரம் குறைவதில்லை. தேர்வில் நேரம் கூட்டித் தருவது சிலருக்கு உதவும், சிலருக்கு நீண்ட சித்திரவதையாகும்; அவர்களுக்குத் தேர்வை இரண்டு துண்டாக்குங்கள். கரோல் கிரே 1990-களின் தொடக்கத்தில் அறிமுகப்படுத்திய சமூகக் கதைகளை, அதாவது ஒரு சூழலில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே விளக்கும் சிறு கதைகளை, சிறுமிக்காக அவளுக்குப் பழகிய குரலில் பதிவு செய்து, கதையில் வரும் பொருள்களை ஒரு பையில் போட்டுக் கொடுக்கலாம். மற்ற மாணவர்களுக்கும் சில எளிய பழக்கங்களைக் கற்றுக்கொடுங்கள்: அருகில் வரும்போது தங்கள் பெயரைச் சொல்வது, சிறுவனின் தோளைத் தட்டாமல் அவன் கண்முன் கையசைப்பது. ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இடையிலான புரிதலின்மை இருபக்கமும் உள்ளது என்று ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-ல் எழுதினார். வகுப்புத் தோழர்களுக்குச் சொல்லித்தரும் இந்த வேலை அதனால்தான் பாடத்துக்கு வெளியே உள்ளதல்ல.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்ற வேண்டாம். எது உதவியது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். சிறுமிக்கு முதலில் இரண்டே பெட்டிகள், ஒன்றில் இப்போது செய்வது, மற்றொன்றில் அடுத்து வரும் பிடித்தமான செயல், பக்கத்தில் முடிவுப் பெட்டி. சிறுவனுக்கு முதலில் குறிப்பேடு மட்டும்: கழற்றிய நேரம், அதற்கு முன் கேட்ட ஓசை, அவன் உட்கார்ந்திருந்த இடம். பெட்டியில் வைத்த பொருள் பலிக்கவில்லை என்று தோன்றினாலும் நான்கு வாரத்துக்கு முன் அதை மாற்றாதீர்கள். அவள் பொருளை வாயில் வைப்பதை நிறுத்திவிட்டு, விரலால் அதன் ஓரத்தைத் தடவத் தொடங்கும் நாளைக் கவனித்துக் குறித்துவையுங்கள். மூன்றாவது பெட்டியை அப்போது சேர்க்கலாம்.